நின்றுபோகும் காரும் மூன்றாவது ஓலையும்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
1976 ஆகஸ்ட்

மணப்பாட்டில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் சிலுவை அவர்களுக்கு, தோணி ஓட்டும் தண்டல் கஸ்பார் எழுதிக்கொண்டது. சர்வேசுரனுக்குத் தோத்திரம். இங்கே நானும் உங்கள் தங்கச்சி பேபியும் மகள் பிளாரன்சும் சுகம். அங்கே நீங்களும் சுகமாய் இருக்க வேண்டிக்கொள்கிறேன். சுக விசாரணை இத்துடன் முடிந்தது. இனி காரைப் பற்றி.

அதற்கு முன் ஒன்று. இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். கோவில் முதியோர் வகுப்பில் உட்கார்ந்து, இந்த வயதில் எல்லா எழுத்தும் பிடித்துவிட்டேன். மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும். போன மாதம் நம் பிள்ளைகள் நிச்சயத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது, நான் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடத்து எபனேசர் சார் எழுதி அனுப்பிய பழைய கடிதம் ஒன்றை எழுத்துக் கூட்டி வாசித்தேன். நான் "மானங்கெட்ட மனுசன்" என்று சொன்ன இடத்தில் "மாண்புமிகு மச்சான்" என்று இருந்தது. இத்தனை வருசமாய் என் கோபம் ஒன்றுகூட உங்களுக்கு வந்து சேரவில்லை. இனி சேரும்.

வாடகைக்கு ஓட்டலாம் என்று நீங்கள் எனக்கு விற்ற கறுப்புக் கார் நின்றுபோகிறது. கிளம்பும்போது நிற்பதில்லை, கிளம்பும்போது கலியாண மாப்பிள்ளை மாதிரி மிடுக்காய்த்தான் இருக்கிறது. ஊரைத் தாண்டி, உப்பளத்துப் பக்கம், நிழலுக்கு ஒரு உடைமரம்கூட இல்லாத இடம் வந்ததும் இரும ஆரம்பிக்கிறது, ஒரு மூச்சு பலமாய், ஒரு மூச்சு இளைப்பாய், பிறகு உடம்பெல்லாம் நடுங்கி நின்றுவிடுகிறது. டிரைவர் சொரிமுத்து இறங்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறப்பான். அது "உஸ்ஸ்" என்று ஒரு பெருமூச்சு விடும். கம்பை விட்டுப் பார்த்து, "நெறைய கெடக்கு அண்ணாச்சி" என்பான். மூடியைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணினால், ஒன்றுமே நடக்காதது போல ஓடும். அடுத்த உப்பளம் வரைக்கும்.

நான் வண்டியைப் பராமரிக்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. உப்புக்காற்று நுழைகிற இடத்தையெல்லாம், கதவு இடுக்கு, டிக்கி இடுக்கு எல்லாவற்றையும், தோணிக்கு அடைக்கிறது போலவே பஞ்சும் குங்கிலியமும் வைத்து என் கையால் அடைத்தேன். பெட்ரோல் மூடியில்கூட ஊசி நுழைகிற மாதிரி ஒரு ஓட்டையோடு விற்றிருக்கிறீர்கள், மச்சான்! அதையும் நான்தான் அடைத்தேன். ஓட்டையைக் கண்டு சும்மா போகிறவன் தண்டலா?

ஒர்க்‌ஷாப் நயினாரிடம் கொண்டுபோனேன். முதலில் பிளக்கில் கரி என்றான், துடைத்தான். பிறகு கார்புரேட்டரில் தூசி என்றான், கழற்றி வாயால் ஊதி மாட்டினான். பிறகு பாயிண்ட் தேய்ந்துவிட்டது என்று புதிதாய்ப் போட்டான். ஒவ்வொரு தடவையும் அவன் கொட்டகையில் வண்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டு நிற்கிறது.

"வண்டி நல்லாத்தான அண்ணாச்சி நிக்கி?"

"நிக்கிறதுல நல்லாத்தாம்ல நிக்கும். ஓடச் சொல்லு பாப்போம்."

"இங்கன ஓடுது, அங்கன நிக்கின்னா வண்டிக்கு ஒரு சீக்கும் இல்ல. உங்களத்தான் அதுக்குப் பிடிக்கல."

இதையும் பொறுத்துக்கொண்டேன். போன சனிக்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆழ்வார்திருநகரி சவாரி முடிந்து வந்த கையோடு, பேபியையும் பிளாரன்சையும் ஏற்றிக்கொண்டு கலியாணச் சேலை எடுக்கப் போனோம். மீன் மார்க்கெட்டுக்கு முன்னால், சந்தை கூடியிருக்கிற நேரத்தில், நடுரோட்டில் நின்றது. மீன்காரி ஜெயபாய் கூடையை இறக்கி வைத்துவிட்டே கேட்டாள்: "ஏ தண்டலு, தோணி தரை தட்டிட்டா?" அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், "பாய விரிங்க அண்ணாச்சி, கச்சான் காத்து நல்லா அடிக்கி!" என்றாள். கொழும்புக்கு எத்தனை தோணி கொண்டுபோனவன் நான், மச்சான்! புயலில்கூட என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. ஆனால் உங்கள் தங்கச்சியோ, "எங்க அண்ணன் வீட்ல அது நல்லாத்தான் ஓடிச்சி. உங்க கைக்கு வந்துதான் சீக்காளி ஆயிட்டு" என்று சொல்லிவிட்டு, அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஆகையால் என் முடிவைக் கேளுங்கள். உங்கள் மகன் இனிகோவுக்கும் என் மகளுக்கும் கோவிலில் இரண்டு ஞாயிறு கலியாண ஓலை வாசித்தாயிற்று. ஆட்சேபம் உண்டா என்று மூன்று ஞாயிறு கேட்ட பிறகுதானே கலியாணம்; மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு. அதற்குள் நீங்கள் வந்து காரைத் திரும்ப எடுத்துக்கொள்ளாவிட்டால், ஓலையை நிறுத்தும்படி சாமியாரிடம் சொல்லிவிடுவேன். ஓடாத காரைத் தெரிந்தே தந்தவர் வீட்டுக்குப் பெண்ணை எந்த நம்பிக்கையில் அனுப்புவது? பிளாரன்ஸ் அழுகிறாள். அழட்டும்.

உங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் அனைவரையும் பனிமய மாதா காப்பாளாக.

கோபம் மாறாத,
கஸ்பார் பர்னாந்து
(இது கைநாட்டு அல்ல, கையெழுத்து. கவனிக்கவும்.)

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, மை காய வைத்திருந்த நேரத்தில், கார் நிற்கிற கதை எப்படியோ தெரிந்து உங்கள் மகன் வந்தான். ஓலை வாசிக்கிற காலத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுப் படி ஏறக்கூடாதென்று தெரியாதா என்று கத்தினேன். துறைமுகத்து லாஞ்சு ஓட்டுகிறவன் அல்லவா, அவன் என்னை விட்டுவிட்டு நேரே காருக்குப் போய் டேங்க் மூடியைக் கையில் எடுத்தான்.

"மாமா, இதுல ஒரு ஓட்டை இருக்கணுமே?"

"ஓட்டை இருக்கணுமால? அது எந்த ஊரு நியாயம்?"

"எண்ணெய் டின்னுல ஒத்த ஓட்டை போட்டா எண்ணெய் ஒழுங்கா ஊத்துமா? காத்துக்கு இன்னொரு ஓட்டை போடுவீங்கள்லா? இதுவும் அப்படித்தான். காத்து உள்ள போனாத்தான் பெட்ரோலு வெளிய வரும்."

சொல்லிக்கொண்டே தன் சட்டைப்பையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்து, நான் வைத்த குங்கிலியத்தைக் குத்தி எடுத்தான். ஆழ்வார்திருநகரி போய்த் திரும்பினோம். வண்டி ஒரு இடத்தில்கூட இருமவில்லை. வரும்போது மீன் மார்க்கெட் வழியாகத்தான் வரச் சொன்னேன்.

கடிதத்தைக் கிழித்துப்போடச் சொன்னாள் பேபி. (பேசத் தொடங்கிவிட்டாள்.) எனக்கு மனசு வரவில்லை. நான் எழுதிய முதல் கடிதம், அதிலும் "கார்புரேட்டர்" என்ற சொல்லை யாரையும் கேட்காமல் எழுதியிருக்கிறேன். ஆகவே எழுத்தை மட்டும் பாருங்கள், விஷயத்தை விட்டுவிடுங்கள். மூன்றாவது ஓலையைத் தவறாமல் வாசிக்கும்படி சாமியாரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஆண்பிள்ளை சட்டைப்பையில் கொண்டை ஊசி ஏன் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பிளாரன்ஸ் மட்டும் அதைப் பார்த்ததும் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். இரண்டாவது ஓலைக்கே இப்படியென்றால், இனி ஒரு ஞாயிறுகூடத் தள்ளிப்போடக் கூடாது, மச்சான்.