வெள்ளை பெல்ட் கட்டிய அத்தான் எழுதுவது

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவி மக்களும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் காகிதத்தை எடுத்தேன். இங்கே உன் அக்கா சுகம். அளவுக்கு மீறிய சுகம். என்னைப் பொறுத்தவரை வலது தோள் ஒரு பக்கமும் மற்ற நான் ஒரு பக்கமுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறோம். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குத் தோள்தான் காரணம், வயது அல்ல.

கிடங்கு மேலாளராக இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததும் நான் முதலில் தேடியது கராத்தே வகுப்பை. பெரிய ஊர், பெரிய பேருந்து நிலையம், ஒரு கராத்தே வகுப்புக்கு மட்டும் வக்கில்லை. இருப்பது ஒரே ஒரு ஜூடோ வகுப்பு, அதுவும் மெத்தைக் கடைக்கு மேல் மாடியில். நடத்துகிறவர் பல் டாக்டர். பகலெல்லாம் பல்லைப் பிடுங்குகிறார், சாயங்காலமானால் ஆளையே பிடுங்குகிறார். போகட்டும், அடித்தால் என்ன, பிடித்தால் என்ன, கறுப்பு பெல்ட் கறுப்பு பெல்ட்தானே என்று நம் கராத்தே மாஸ்டர் கையால் வாங்கிய பெல்ட்டை இஸ்திரி போட்டு மடித்து, சான்றிதழைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அந்த மனிதர் சான்றிதழை வாங்கி, ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எக்ஸ்ரே என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பார்த்துவிட்டு, மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் பேசுவார்களே அந்தக் குரலில், "ரொம்ப நல்லா இருக்கு சார், பத்திரமா வச்சுக்குங்க. இங்க எல்லாருக்கும் வெள்ளையில இருந்துதான்" என்றார். நான் விடுவேனா? லாரி ஓட்டினவன் பஸ் ஓட்ட வந்தால் அவனை மூன்று சக்கர சைக்கிளிலா உட்காரவைக்கிறார்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேள். "அங்க நீங்க நிக்கக் கத்துக்கிட்டீங்க. இங்க விழணும் சார்." விழுவதற்கு ஒரு வகுப்பு, அதற்கு ஒரு டாக்டர், அதற்கு ஒரு பெல்ட். குளியலறையில் சோப்பை மிதித்தால் எவனும் இலவசமாகச் செய்யக்கூடிய காரியம் இது.

இதற்கு நடுவில் உன் அக்கா. என்னோடு காய்கறி வாங்கப் போவதற்காக வந்தவள், கையில் பையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்து, சும்மா எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள், நீங்களும் வந்து விழுங்கள் என்று கூப்பிட, இவளும் பையை வைத்துவிட்டுப் போய் விழுந்தாள். விழுந்தது மட்டுமல்ல, விழுந்து சிரித்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் அவள் இப்படிச் சிரித்ததில்லை. அன்றே அவளுக்கும் வெள்ளை பெல்ட். எத்தனையோ வருஷம் வியர்வை சிந்திய நானும், கத்தரிக்காய் வாங்க வந்தவளும் ஒரே வரிசை. இதுதான் அந்த மாடியில் நீதி.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டே விட்டேன், என்னைச் சோதித்துப் பார்க்கட்டும், தகுதி இருந்தால் மரியாதையாகப் பழைய பெல்ட்டைக் கட்ட விடட்டும் என்று. டாக்டர் தாராளமாக ஒத்துக்கொண்டார். எனக்கு எதிரே நிறுத்தியது பஸ் ஸ்டாப் பக்கத்து மருந்துக்கடை அம்மாளை. பச்சை பெல்ட். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு வந்து நின்றாள். நான் நம் கராத்தே பள்ளி நிலையில் நின்று ஒரு சத்தம் கொடுத்தேன் பார், கீழே மெத்தைக் கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாராம். அதற்குப் பிறகு அந்தம்மாள் என் காலரைப் பிடித்தாள். அதற்குப் பிறகு என் கால்களுக்கு நேரே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பெண்பிள்ளையாயிற்றே என்று குத்தாமல் விட்டேன், அதுதான் விஷயம், குத்தவும் கூடாதாம். இரண்டாவது தடவை பழக்கதோஷத்தில் உதை ஒன்று விட்டேன். அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு, யாரோ கடையில் மறந்து வைத்துவிட்டுப் போன குடையைக் கையில் வைத்திருப்பதுபோல, இதை என்ன செய்யட்டும் என்று டாக்டரைக் கேட்கிறாள். நான் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு பதிலுக்குக் காத்திருந்தேன். உதையும் கூடாது, குத்தும் கூடாது, ஒருத்தன் கற்றது எதுவுமே கூடாது என்று வைத்துவிட்டு அவனை ஜெயிப்பது ஒரு வீரமா? கையைக் கட்டிப்போட்டுவிட்டு எழுதச் சொல்கிற பரீட்சை இது. கடைசியில் அந்தம்மாள் காலோடு சேர்த்து என்னையும் கீழே போட்டாள், தோள் போனது அப்போதுதான்.

இதோடு போயிற்றா? வெள்ளைக்கு அடுத்த படியான மஞ்சள் பெல்ட்டுக்குத் தேர்வு வைத்தார்கள். உன் அக்காவுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு விழ வரவில்லையாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டே எனக்குப் பாடம் எடுக்கிறாள். "ஏங்க, தூக்கினதுமே விழக்கூடாதுன்னு முடிவு பண்ணிடறீங்க. அதான் அடிபடுது." யார் யாருக்குச் சொல்வது என்று ஒரு கணக்கு வேண்டாமா? மறுநாள் வகுப்பில் புதுச் சட்டம் என் தலையில் இறங்கியது. கீழே உள்ளவர் மேலே உள்ளவருக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். அவள் மஞ்சளோடு நிற்கிறாள், நான் வெள்ளையோடு நிற்கிறேன். பார்த்துக்கொண்டு மருந்துக்கடை அம்மாள், பார்த்துக்கொண்டு டாக்டர். குனிந்தேன்டா. நிமிர்ந்தபோது உன் அக்கா என் காலரைப் பிடித்தபடி காதோடு, "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நான் நாளையிலருந்து வரலைங்க" என்றாள். அவள் என்னைத் தூக்கிப்போட்டதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. நீ எதற்கு நிற்க வேண்டும், தப்பெல்லாம் அந்தப் பல் டாக்டருடையது என்று சொல்லிவிட்டுப் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். கூப்பிட ஒருத்தரும் வரவில்லை.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. நம் மாஸ்டரிடம் இன்னமும் போய்க்கொண்டிருப்பவன் நீதான். அவரிடம் சொல்லி, என் பழைய படிக்கு உரிய மதிப்பைத் தரவேண்டும், குறைந்தபட்சம் கறுப்புக்கு ஒரு படி கீழான பழுப்பு பெல்ட்டாவது கொடுக்கவேண்டும் என்று இந்த டாக்டருக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதச் சொல். இது என் ஒருத்தன் பிரச்சினை என்று நினைத்துவிடாதே. நாளைக்கு உனக்கும் இதே கதிதான். ஒரு கலையில் ஏறினவனை இன்னொரு கலை மதிக்காவிட்டால் ஏறினதற்கு என்னதான் அர்த்தம்?

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, யாரிடமும் வெள்ளையிலிருந்து ஆரம்பிக்க நேராமல் வாழட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். உன் மனைவிக்கு எங்கள் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கவரை ஒட்டிச் சட்டைப்பையில் வைத்தவன் தபாலில் போட மறந்துவிட்டேன், இப்போது பிரித்து எழுதுகிறேன். அதற்குள் இங்கே இரண்டு காரியம் நடந்துவிட்டது. வியாழக்கிழமை மருந்துக்கடை அம்மாள் தூக்கியபோது எதிர்த்து நிற்கத் தெம்பில்லாமல், போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கும் வலிக்கவில்லை. எழுந்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள், டாக்டர் மஞ்சளை நீட்டுகிறார். இரண்டாவது, உன் கடிதம் வந்தது. உனக்கும் இதே ஊருக்கு மாற்றல் கிடைத்திருக்கிறதாமே. ரொம்ப சந்தோஷம். நம் பள்ளியில் நீ எனக்கு ஒரு படி மேலே இருந்ததை ஞாபகப்படுத்தி, அந்தப் படியை இங்கே ஒத்துக்கொள்வார்களா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லும்படி எழுதியிருக்கிறாய். கேட்டேன். வேண்டுமானால் பார்க்கலாம் என்று அவர் கொஞ்சம் இளகினார். கூடவே கூடாது, ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தால் எங்கள் கலை என்னாவது என்று நான்தான் தடுத்துவிட்டேன். மாஸ்டரிடம் எதுவும் பேசாதே, மேலே எழுதியதையும் கிழித்துப் போட்டுவிடு. ஊருக்கு வந்ததும் குடும்பத்தோடு வீட்டுக்குச் சாப்பிட வா. வீட்டில் நீ மைத்துனன். மாடியேறிவிட்டால் நீ வெள்ளை.