ரக்பி அண்ணை கொடுத்த திவசம்

வெள்ளைக்கார ரக்பி ஆட்டக்காரன் ஒருவனுக்கு வருடா வருடம் திவசம் கொடுத்த தமிழர் உலகத்திலேயே ஒருவர்தான். தொண்ணூறுகளில் அவர் டொரோண்டோவில், டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக்கட்டடத்தில் இருந்தார். ரக்பி அண்ணை என்போம்.

அந்த ஆட்டக்காரன் முதலாம் உலகப் போருக்கு முன் தன் நாட்டுக்காக ஐந்து ஆட்டம் ஆடியவன். கண்டியில் பள்ளி விடுதியில் இருந்தபோது ஏதோ பழைய புத்தகத்தில் அவனைப் பிடித்த அண்ணை, பிறகு விடவேயில்லை. கல்யாண வீடு, செத்த வீடு, லிஃப்ட் என்று பார்க்கமாட்டார். ஆள் அகப்பட்டால் போதும்.

“அஞ்சு தொப்பி வாங்கினவன், தெரியுமே! தோள்மூட்டு கழண்டு தொங்குது. முதுகில ரெண்டு பேர். அப்பிடியே இழுத்துக்கொண்டு போய்க் கோட்டுக்கு அங்கால பந்தை வைச்சவன்!”

சொல்லச் சொல்ல முதுகில் ஏறியவர்களும் கூடினார்கள். நான் கடைசியாகக் கேட்டபோது ஏழு பேர். நாட்டுக்காக ஆடினால் தொப்பி கொடுப்பார்களாம். “அங்க அவ்வளவு வெயிலோ அண்ணை?” என்று கேட்டதற்கு ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

ஆறாவது ஆட்டம் இல்லை. போருக்குப் போனவன் பிரான்சில் ஷெல் விழுந்து செத்தான். அந்தத் தேதியில்தான் திவசம்.

முதல் வருடம் ஐயர் நட்சத்திரம் கேட்டார்.

“அது தெரியாது ஐயா. ஆனா முன்வரிசையில விளையாடினவன்.”

ஐயர் பல்லைக் கடித்துக்கொண்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

படையலில் இருப்பதோ கத்தரிக்காய்ப் பால்கறியும் உளுந்து வடையும். அண்ணையின் ஒரே மகனுக்குப் பிடித்தவை. அவனை ஊரில் ஆமி பிடித்துத் தன் முகாமுக்குக் கொண்டுபோனது. பிறகு தகவல் இல்லை. அவனுக்குக் கிரியை செய்ய வேண்டும் என்று அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா, கெஞ்சாத நாளில்லை.

“உயிரோட இருக்கிறவனுக்கு என்னத்துக்கப்பா கிரியை?” என்பார் அண்ணை.

ஆனால் அக்கா என்ன சமைக்கிறார் என்று மட்டும் அவர் கேட்டதில்லை. படைத்துவிட்டு அக்கா அறைக்குள் போய்விடுவார். நாங்கள் வெள்ளைக்காரனைக் கேலி பண்ணிக்கொண்டு சாப்பிடுவோம்.

பிறகொரு வருடம், மகனோடு அதே முகாமில் இருந்த ஒருவர் டொரோண்டோ வந்துசேர்ந்தார். அவனைத் தன் கையாலேயே புதைத்ததாகச் சொன்னார். “உவர் ஆள் மாறிச் சொல்லுறார்,” என்று அண்ணை அவரை அனுப்பிவிட்டார்.

அந்த வருடத் திவசத்தில் ஐயர் பெயரைக் கேட்டபோது, அக்கா அறையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மகனின் பெயரைச் சொன்னார்.

அண்ணை எழும்பினார். கத்தப் போகிறார் என்று பயந்தேன்.

“அவனுக்கு இருபது வயசு, ஐயா,” என்றார். “அவன் இன்னும் ஒரு ஆட்டமும் ஆடேல்லை.”

அவரைப் பிடித்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். கிரியை முடியும்வரை அவர் கையை நான் விடவில்லை.