கக்கத்தார் கையெழுத்துப் போட்ட ஐந்து நிமிடம்

செஞ்சியில் மூன்று மலைகளுக்கு அடுத்தபடியாகப் பேர்போனவர் கக்கத்தார்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிப்பவர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

ரத்தம் எத்தனை நிமிடத்தில் உறைகிறது என்று பார்க்க, கண்ணாடிக் குழாயை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். அதற்கான வெந்நீர்த் தொட்டி எங்களிடம் இல்லை. அவரிடம் கக்கம் இருந்தது. குழாயை அங்கே இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துச் சாய்த்துப் பார்ப்பார். தாசில்தார் எதிரே வந்தும் கை தூக்கிக் கும்பிடவில்லை. "ரத்தம் வெச்சிருக்கேன், மன்னிக்கணும்" என்றாராம். தாசில்தார்தான் ஒதுங்கிப் போனார். அமாவாசைக் கூட்டம் ஒருமுறை அவரை மேல்மலையனூர் பஸ்ஸுக்குள் தள்ளிவிட, இரண்டு மைல் தாண்டி இறங்கி, 'ஆறு நிமிடம்' என்று குறித்துக்கொண்டு நடந்தே திரும்பினார்.

நான் அவரிடம் வேலை பழகியவன். தொண்டூரில் எங்கள் வீட்டிலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்காரன்.

ஒருநாள் அவர் வார்டில் இருந்தபோது, துணிக்கடை பாய் தன் மகனைக் கூட்டி வந்தார். சுன்னத்துக்கு நாள் குறித்தாயிற்று. டாக்டர் ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார். எடுத்தேன். வெளியே எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்க்கக் கக்கத்தில் குழாயைச் செருக எனக்கு வெட்கம். எல்லோருக்கும் ஐந்தாறு நிமிடம்தானே வருகிறது? குழாயைக் கழுவிவிட்டுச் சீட்டில் 'ஐந்து' என்று எழுதினேன். கக்கத்தார் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சீட்டு வாங்க வந்த பாய், தன் மச்சினன் ஒருவன் சின்ன வயதில் சுன்னத்தின்போது ரத்தம் நிற்காமல் செத்தே போனதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கக்கத்தார் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, கக்கத்துல வெச்சியா?"

"வெச்சேன் சார்."

அதற்குமேல் கேட்கவில்லை. பையனை வரவழைத்து மறுபடி ரத்தம் எடுத்தார். ஒரு குழாயில் பையனுடையது மட்டும். இன்னொன்றில் அதோடு தன் கையிலிருந்து எடுத்த சில சொட்டுகள். இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு, கட்டிப்போட்ட கோழி மாதிரி உட்கார்ந்தார். நிமிடத்துக்கு நிமிடம் குழாய்களை உருவிப் பார்ப்பது என் வேலை. கலந்த ரத்தம் எட்டு நிமிடத்தில் உறைந்துவிட்டது. தனி ரத்தம் அரைமணி கழித்தும் தண்ணீராகவே ஆடியது.

"இவன் ரத்தத்துல ஒண்ணு கொறையுது பாய். என்னுதுல அது இருக்குது, அதான் சேந்ததும் உறைஞ்சிது. கத்தி மட்டும் வெச்சிடாதீங்க. மெட்ராஸ் கூட்டிட்டுப் போங்க."

"ஒரே புள்ள சார்" என்று பாய் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் இரண்டு சீட்டையும் வைத்துக்கொண்டு, ஐந்து என்று எழுதியது யார் என்று எல்லோர் முன்னிலும் கத்தினார்.

"கையெழுத்து என்னுது சார். தப்பும் என்னுதுதான்" என்றார் கக்கத்தார்.

வெளியே வந்ததும், "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் மாற்றலாகிப் போகும்வரை உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கக்கத்தாரும் ஒருமுறை தப்புப் பண்ணினார் என்று செஞ்சியில் இன்னும் சொல்கிறார்கள். இல்லை, பண்ணியவன் நான். அந்த மனிதர் பார்த்துச் சொன்ன ரத்தம் ஒன்றுகூடப் பொய்யானதில்லை.