எழுப்பக் கூடாத பார்வையாளர்கள்

"இதுல உங்களுக்கு என்ன தெரியுது?"

கேட்டுவிட்டு, புத்தகம் சொன்னபடி ரஞ்சனி வாயை மூடிக்கொண்டாள். கல்வியாளரின் மௌனமே பார்வையாளரைப் பேசவைக்கும் என்று அதில் போட்டிருந்தது.

தொழிற்சாலையில் வயர் கட்டும் லைனிலிருந்து டீ பிரேக்கில் வந்திருந்த பெண்கள் நீலச் சட்டையும் தொப்பியுமாக வரிசையில் நின்றார்கள். சுவரிலிருந்த ஓவியத்தில் ஒரு பெண் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். இவர்கள் அவளைப் பார்க்காமல் ரஞ்சனியின் அடையாள அட்டையைப் பார்த்தார்கள்.

கடைசியில் மாடத்திதான் வாயைத் திறந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, ஹாஸ்டலில் எல்லோருக்கும் அக்கா.

"சரியான பதில நீங்களே சொல்லிருங்க மேடம். மனப்பாடம் பண்ணிக்கிடுதோம். ஆடிட்டுக்காரவுக வந்து கேட்டா அப்பிடியே ஒப்பிச்சிருவோம்."

"இது ஆடிட் இல்லக்கா. இதுல சரி, தப்புன்னு எதுவும் கிடையாது."

"அப்பம் எதுக்குக் கேக்கிய?"

ரஞ்சனி பக்கத்தைப் புரட்டினாள். பார்வையாளர் திருப்பிக் கேட்டால் என்ன செய்வதென்று புத்தகம் எழுதியவருக்குத் தோன்றவில்லை போலும்.

வல்லம் வடகாலில் அந்தக் கம்பெனி ஒரு பழைய பேக்கிங் கொட்டகைக்கு வெள்ளையடித்துக் கலைக்கூடம் ஆக்கியது. நுண்கலை படித்துவிட்டு அங்கேயே ஸ்டோர்ஸில் பார்கோடு ஒட்டிக்கொண்டிருந்த சேரப்பணஞ்சேரி ரஞ்சனியை அதற்குக் கல்வி அலுவலராகப் போட்டார்கள். தற்காலிகமாகத்தான். வெள்ளிக்கிழமை சென்னைத் தலைமையகத்திலிருந்து காவேரி மேடம் வந்து பார்ப்பார். தொழிலாளர்கள் ஓவியத்தோடு ஒட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கொட்டகை மறுபடியும் அட்டைப்பெட்டிக்கு, ரஞ்சனி மறுபடியும் பார்கோடுக்கு.

தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று மேடமே மாதம் ஒரு புத்தகம் அனுப்பினார். எல்லாம் கலை அருங்காட்சியகங்களில் பாடம் நடத்துகிறவர்களுக்காக ஏதோ குளிர் ஊரில் எழுதப்பட்டவை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ரஞ்சனி அவற்றைப் படித்தாள். பென்சிலால் கோடு போட்டாள். தனக்குப் பிடித்திருப்பது ஓவியங்களா, ஓவியங்களைப் பற்றிய வாக்கியங்களா என்று சில சமயம் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் குடையும். அதன் கீழே கோடு போட முடியாது. பஸ் குலுங்கும், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள்.

அன்று திரும்பும் பஸ்ஸில் நான்காம் அத்தியாயம் கை கொடுத்தது. நின்றபடி பார்ப்பவரின் மனம் கிளம்புவதிலேயே இருக்கும்; தரையில் அமரவையுங்கள்; அவராக எழும்வரை எழுப்பாதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை பிரேக்கில் அப்படியே செய்தாள்.

"எல்லாரும் உக்காருங்கக்கா. எவ்ளோ நேரம் வேணுமோ பாருங்க. நான் எழுப்பவே மாட்டேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நெசமாவே எழுப்ப மாட்டியளா?" என்றாள் மாடத்தி.

"சத்தியமா."

உட்கார்ந்தார்கள். காலை நீட்டி, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, இஸ்திரிக்காரியையே பார்த்தார்கள். பிரேக் முடிந்து மணி அடித்தது. ஒருத்தியும் அசையவில்லை.

"அக்கா, மணி அடிச்சிடுச்சே?" ரஞ்சனி குனிந்து கிசுகிசுத்தாள்.

"இன்னும் பாத்து முடியல மேடம்."

தன் வார்த்தையைக் கேட்டு இத்தனை பேர் ஒரு ஓவியத்தின் முன் தங்களை மறந்திருக்கிறார்கள். இதற்காகத்தானே பிறந்தோம் என்றிருந்தது ரஞ்சனிக்கு.

ஹெச்.ஆர். மேனேஜர் கோதண்டம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க? அங்க லைன் நின்னு போச்சு. இங்க எல்லாம் குந்திகினு கீதுங்க!"

"படம் பாக்கறாங்க சார்."

"படமா? நின்னுகினே வேலை செய்ய முடியல, லைன்ல ஸ்டூல் போடுன்னு போன மாசம் வந்து கேட்டாங்க. முடியாதுன்னு அனுப்பிட்டேன். அதான் உக்காந்துட்டாங்க. இது ஸ்ட்ரைக்கும்மா!"

ரஞ்சனிக்கு வந்த கோபம் அவளுக்கே புதிது.

"லைன்ல வேலை செய்யறவங்க அமைதியா ஒரு படம் பாத்தா அது ஸ்ட்ரைக்கா சார்? நான்தான் உக்காரச் சொன்னேன். இதோ, புக்குலயே இருக்கு. அவங்களா எந்திரிக்கற வரைக்கும் எழுப்பக் கூடாது."

கோதண்டம் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் போட்டது இத? எந்த யூனியன்?"

"காவேரி மேடம் அனுப்பினது சார்."

அவர் குரல் சட்டென்று இறங்கியது. "மேடம் வண்டி ஒரகடம் தாண்டிடுச்சாம். எப்படியாச்சும் எழுப்பும்மா."

"எழுப்பக் கூடாது சார். அதே அத்தியாயத்துல இருக்கற மூணு கேள்விய வேணா கேக்கலாம். நாமளும் உக்காந்துதான் கேக்கணும்."

வேறு வழியில்லாமல் கோதண்டம் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் குந்தினார். ரஞ்சனி காதில் சொல்லச் சொல்ல ஒப்பித்தார்.

"இதுல இன்னா தெரியுது?"

"ஒரு பொம்பள நிக்கா சார்," என்றாள் மாடத்தி.

"எத வச்சு அப்படிச் சொல்ற?"

"காலு வீங்கியிருக்கு சார்."

"வேற இன்னா தெரியுது?"

"அவ உக்கார ஒண்ணையும் காணும் சார். தேய்க்க வந்த துணிகூட மேல சொகமா உக்காந்திருக்கு."

ரஞ்சனிக்குப் புல்லரித்தது. எழுத்துக்கு எழுத்து நான்காம் அத்தியாயம்!

"கோதண்டம், நீங்களா!"

வாசலில் காவேரி மேடம் நின்றிருந்தார். கோதண்டம் எழப் போனார், மேடம் கையமர்த்தினார்.

"உக்காருங்க, உக்காருங்க. ஒரு ஹெச்.ஆர். மேனேஜர் தொழிலாளர்களோட தரையில உக்காந்து ஓவியம் பத்திப் பேசி நான் எங்கயும் பாத்ததில்ல. சொல்லுங்க, இந்தப் பேச்சு எங்க போய் முடியும்?"

கோதண்டம் மேடத்தைப் பார்த்தார். அசையாமல் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். ஓசையில்லாமல் கிடந்த லைன் பக்கம் காதைக் கொடுத்தார்.

"லைனுக்கு ஸ்டூல் போடறதுல முடியும் மேடம். திங்கக்கிழமை வந்துடும்."

"அடடா! ஒரு படம் ஒரு நிர்வாகத்தோட மனசையே மாத்திடுச்சே. ரஞ்சனி, இனிமே உன் வேலை பர்மனன்ட். இத அப்படியே கட்டுரையா எழுதிக் குடு. மத்த ஊர்க் கலைக்கூடத்துக்காரங்களும் படிக்கட்டும்."

பெண்கள் எல்லோரும் சேர்ந்தாற்போல் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு லைனுக்குக் கிளம்பினார்கள். ரஞ்சனி ஓடிப்போய் மாடத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, கட்டுரைக்காகக் கேக்கறேன். அவ்ளோ நேரம் அந்தப் படத்துல அப்படி என்னதான் பாத்தீங்க?"

மாடத்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கோதண்டம் தூரத்தில்தான் இருந்தார்.

"அத விடுங்க மேடம். திங்கக்கிழம ஸ்டூலு வரலைன்னா எந்தப் படத்துக்கு முன்னால உக்காரணும்னு மட்டும் இப்பமே சொல்லிருங்க."