செவலையும் ஆழ்கடல் கடிகாரமும்

விலை உயர்ந்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு திரிகிறவனுக்கு உள்ளூர ஒரே ஓர் ஆசைதான் இருக்கும். யாராவது நேரம் கேட்க வேண்டும். ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு அந்த ஆசையில் மண் விழுந்துவிட்டது. இன்றைக்கு நீங்கள் கையில் வைரத்தையே கட்டிக்கொண்டு போனாலும், எதிரே வருகிறவர் தன் சட்டைப்பையைத் தடவித்தான் நேரம் பார்ப்பார்.

இந்த வேதனையை நான் முழுசாக அனுபவித்தது சில வருடங்களுக்கு முன்பு. ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பாளனாக இருந்தேன் (இப்போதும் அங்கேதான், நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது). விருந்தினர்கள் கையெழுத்துப் போடும்போது என் கண் அவர்கள் முகத்துக்குப் போகாது, மணிக்கட்டுக்குத்தான் போகும். அப்படிப் பார்த்துப் பார்த்தே கடிகாரங்களைப் பற்றிக் கொஞ்சம் கற்றுக்கொண்டு, இணையத்தில் எழுதவும் தொடங்கினேன். 'கடிகார விமர்சகர்' என்ற பட்டத்தையும் நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன். வாங்க வக்கில்லாதவன் விமர்சகனாவது எல்லாத் துறையிலும் நடப்பதுதானே.

நான் எழுதியதை விடாமல் படித்த ஒரே ஆள், சேலத்திலிருந்து அடிக்கடி வந்து தங்கும் ராமநாதன் சார். ஓய்வுபெற்ற பொறியாளர். ஒருமுறை ஊருக்குக் கிளம்பும்போது ஒரு மரப்பெட்டியை என் முன்னால் வைத்துத் திறந்தார். உள்ளே ஆழ்கடல் கடிகாரம். கடலில் முக்குளிப்பவர்களுக்காக அந்தக் காலத்தில் செய்த கடிகாரத்தின் அச்சு அசல் சாயலில் இப்போது செய்தது. கறுப்பு முகம். குமிழாகப் புடைத்த கண்ணாடி. இருட்டில் ஒளிரும் புள்ளிகள், அவற்றுக்கும் வேண்டுமென்றே பழுப்பு ஏற்றியிருந்தார்கள். சுற்றிலும் ஒரு வளையம். முங்கும்போது அதைத் திருப்பி வைத்தால், எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தோம் என்று காட்டும்.

"பிள்ளைங்க வாங்கிக் குடுத்தது தம்பி. கீறல் விழுந்துருமோன்னு பயந்து பீரோவுலயே வச்சிருக்கேன். நீங்க ஒரு வாரம் கட்டிப் பாருங்க. தெனமும் கட்டறதுக்கு லாயக்கான்னு சொல்லுங்க. லாயக்குன்னா கட்டறேன். இல்லேன்னா அதுக்கு பீரோதான் கதி."

என்னை நம்பி ஒரு மனிதர் இவ்வளவு பெரிய பொருளைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. (என் அப்பா தன் பழைய சைக்கிளைக்கூடப் பூட்டித்தான் வைத்திருந்தார்.) மார்பு விரிய வீட்டுக்கு வந்தேன். மனைவி கலைவாணி கடிகாரத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது புதுசுங்களா பழசுங்களா?"

"புதுசுதான். பழசு மாதிரி செஞ்சிருக்காங்க."

"அதுக்குப் பழசையே வாங்கியிருக்கலாமுங்களே?"

(நான் கடிகாரத்தை வாங்கி என் கையிலேயே கட்டிக்கொண்டேன்.)

மறுநாளிலிருந்து ஆய்வு தொடங்கியது. வலது கைக்காரனான நான் அறைச் சாவிகளை இடது கையால் நீட்டினேன். பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டு, இடது கையால் மேல் கம்பியைப் பிடித்தேன். கண்டக்டர், "கைய எறக்குங்க சார், பின்னாடி இருக்கறவங்க தெரியல" என்றார். ஒருவரும் நேரம் கேட்கவில்லை. குளிக்கும்போது கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். மழை தூறினால் கையை ஜெர்கினுக்குள் செருகிக்கொண்டேன். ஆழ்கடலுக்குப் போகிற கடிகாரத்தை ஏற்காட்டுச் சாரலிடமிருந்து காப்பாற்றிவிட்டு, 'தண்ணீர் துளிகூட உள்ளே புகவில்லை. அபாரம்' என்று விமர்சனத்தின் முதல் வரியையும் எழுதி வைத்தேன்.

அந்த வாரத்தின் கடைசியில் சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. கலைவாணிக்குப் பிறந்த ஊர் செம்மநத்தம். நானும் அவளும் அங்கே போனபோது ஊரே மலை உச்சிக் கோயிலுக்குக் கிளம்பிப் போயிருந்தது. என் மாமியார் மட்டும் வீட்டில் இருந்தார். அவருடைய சிவப்புப் பசு செவலைக்கு அது தலைச்சன் பிரசவம். காலையிலிருந்தே வலி. நாங்கள் தொழுவத்துக்குள் நுழைந்தபோது அது படுத்துக் கிடந்தது. பின்னால் கன்றின் ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நொம்ப நேரமா இப்படியே கெடக்குதுங்க மாப்ள. எனக்கு நெஞ்சு அடைக்குது" என்றார் அத்தை. சும்மா கண் கலங்குகிற ஆள் இல்லை அவர்.

கலைவாணி கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். அவர் மஞ்சக்குட்டையிலிருந்து கிளம்பி, திருவிழா வண்டிகளுக்கு நடுவே சிக்கியிருந்தார்.

"இன்னொரு கால் மடங்கி உள்ள மாட்டியிருக்கும்ங்க. யாராச்சும் கைய விட்டு அத நேராக்கணும். நான் வர்ற வரைக்கும் தாங்காது. அங்க கை மெலிசா யாருக்கு இருக்குது?"

அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று, "மாப்ள கை முருங்கக்காயாட்டம் இருக்குதே" என்று இதே அத்தை சொன்னது எனக்கு மறக்கவில்லை. இப்போது அந்த முருங்கைக்காய்க்குத் தேவை வந்துவிட்டது.

சோப்புத் தண்ணீரில் கையைத் தோள்வரை கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன்.

"மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டிட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"கையில ஒண்ணும் இல்லீங்க டாக்டர்."

நான் சொன்னது வலது கையை. வலது கையில் ஒன்றும் இல்லைதான்.

கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விட்டேன். வெதுவெதுப்பு, வழவழப்பு, எங்கேயோ ஒரு மூக்கு. டாக்டர் சொன்னபடி கன்றை மெல்லப் பின்னுக்குத் தள்ளி, மடங்கிய காலைத் தேடினேன். முட்டி அகப்பட்ட நேரத்தில் செவலை முக்கியது. என் கை கரும்பு மெஷினில் சிக்கியது போலாயிற்று. வலி நின்றதும் பார்த்தால் விரல்கள் மரத்துப்போய்விட்டன.

"விட்டுறாதீங்க மாப்ள! எஞ்சாமியில்ல!" என்று அத்தை கத்தினார்.

வலது கையை உருவினேன். அவசர அவசரமாக இடது கையில் எண்ணெயை வழித்துக்கொண்டு உள்ளே விட்டேன். அந்தக் கணத்தில் நான் விமர்சகனும் இல்லை, வரவேற்பாளனும் இல்லை. ஒரு குளம்பைத் தேடுகிற ஐந்து விரல், அவ்வளவுதான். குளம்பு உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அது எதையும் கிழித்துவிடாதபடி கையால் பொத்தி, முன்னுக்கு இழுத்தேன். கால் நேரானது எனக்கே தெரிந்தது. அப்புறம் செவலை முக்க முக்க நாங்கள் மூவரும் சேர்ந்து இழுத்தோம். கன்று வழுக்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தது.

அது மூச்சு விடவில்லை. அத்தை மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை வழித்து எறிந்தார். நான் சாக்குப் பையால் விலாவைத் தேய்த்தேன். கலைவாணி ஒரு வைக்கோலை மூக்குக்குள் விட்டு நிமிண்டினாள். கன்று தும்மியது. என் முகம் பூராவும் தெறித்தது. அதைவிட நல்ல பன்னீரை எந்தக் கல்யாண வாசலிலும் என்மேல் யாரும் தெளித்ததில்லை.

"கெடேரிக் கண்ணுங்க மாப்ள!" என்று அத்தை, பெண் கன்று பிறந்த குஷியில் என் தோளில் ஓங்கி அடித்தார். பெருமையில் எனக்கு ஓரடி உயரம் கூடிவிட்டது. கலைவாணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. பார்வை மெல்லக் கீழே இறங்கியது.

"ஏனுங்க… வாட்ச் எங்கீங்க?"

இடது மணிக்கட்டில் எண்ணெய் மட்டும் பளபளத்தது.

வைக்கோலைக் கிளறினோம். சாணியைக் கிளறினோம். கன்றையே தூக்கிப் பார்த்தோம். இல்லை. ஆழ்கடல் கடிகாரம் தன் தொழிலுக்குப் போய்விட்டிருந்தது. மாடு நஞ்சுக்கொடியைப் போட்டதும் அதைக் கடிகாரத்தோடு சேர்த்துத் தின்றுவிடவும் கூடும் என்று அத்தை சொன்னதும், நான் செவலையின் பின்னால் காவலுக்கு உட்கார்ந்தேன். அத்தை அதன் வயிற்றில் காதை வைத்து, "சத்தம் ஒண்ணுங் காணலீங்களே மாப்ள" என்றார்.

அந்த நேரம் பார்த்து ராமநாதன் சார் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, வாட்ச் கையிலதான இருக்கு?"

"உள்ள இருக்குங்க சார்."

"பாத்தீங்களா! நீங்களும் பீரோவுல வச்சுட்டீங்க!"

"பீரோ இல்லீங்க சார்…"

நான் இழுப்பதைப் பொறுக்காமல் அத்தை போனைப் பிடுங்கினார். "மாட்டு வவுத்துக்குள்ள இருக்குதுங்க. கண்ணு போட்டாச்சு. வாட்ச் இன்னும் போடல!"

 மறுமுனையில் சார், "கன்னுக்குட்டி நல்லா இருக்காம்மா?" என்று கேட்டார். முதலில் அதைக் கேட்ட மனிதருக்காக நான் இன்றைக்கும் எழுந்து நிற்பேன்.

டாக்டர் ஒருவழியாக வந்து சேர்ந்தார். நான் சொன்னதைக் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் (அதை எழுதினால் மரியாதை போய்விடும்). தோள்வரை கையுறை மாட்டி, நிதானமாகத் துழாவி, கடிகாரத்தை வெளியே எடுத்தார். செவலைக்கு உள்ளே காயம் ஏதும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வாரைப் பிடித்திருந்த சின்னக் கம்பி தெறித்து வைக்கோலுக்குள் கிடந்தது. டாக்டர் கடிகாரத்தின் கண்ணாடியைத் துடைத்து, தன் செல்போனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "டைம் கரெக்டா இருக்குதுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். 'தினமும் கட்டலாம். தாராளமாகக் கட்டலாம். மழை, மாடு எதற்கும் அஞ்சாது. வார்க் கம்பி மட்டும் இன்னும் உறுதியாக இருக்கலாம். வளையத்தைத் திருப்பி வைக்க மறந்துவிட்டதால், எவ்வளவு நேரம் முங்கியிருந்தது என்று சொல்வதற்கில்லை.' நான் எழுதியதில் ஊர் உலகம் படித்தது அது ஒன்றுதான்.

ராமநாதன் சார் அதற்குப் பிறகு கடிகாரத்தைக் கழற்றவே இல்லை. கண்ணாடி ஓரத்தில் விழுந்த கீறலை அவரே எல்லோருக்கும் காட்டி, கதையையும் சொல்கிறார். கன்றைப் பார்க்கச் செம்மநத்தத்துக்கே வந்தார். அதற்கு 'மணி' என்று பேர் வைத்ததும் அவர்தான். என் கைக்கும் ஊரில் தனி மரியாதை. எந்தத் தொழுவத்தில் பிரசவம் சிக்கலானாலும் டாக்டருக்கு ஒரு போன், எனக்கு ஒரு போன். "எங்க மாப்ள கை மாதிரி ஒரு கை இந்த மலையிலயே கெடையாதுங்க" என்று அத்தை சொல்லாத ஆள் இல்லை.

போன மாதம் சேலத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்த என் அத்தையிடம் திரும்பி, "மணி என்னாச்சுங்கம்மா?" என்று கேட்டார்.

அத்தை முகமெல்லாம் பூரித்துப்போய்ச் சொன்னார்:

"நாலு மாசம் சினைங்க!"