இரண்டாம் மாடியில் யானை

ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வாரம் விடாமல் பாடம் நடத்துகிறவர்தான் அதை முதலில் காற்றில் பறக்கவிடுவார். இதற்குச் சாட்சி வேறெங்கும் தேட வேண்டாம், நானே இருக்கிறேன்.

சின்னக்கானலில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளியில் நான் டீச்சர். எங்களிடம் எல்லாப் பாடத்துக்கும் ஆள் உண்டு, ஓவியத்துக்கு மட்டும் கிடையாது. நான்காம் வகுப்பு அனிதா லயத்துச் சுவர் முழுக்க அடுப்புக்கரியால் வரைந்துவைத்து (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள்) அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் எர்ணாகுளத்தில் ஒரு கலை அருங்காட்சியகம் பள்ளிகளை அழைத்தது. பிள்ளைகள் வந்து பார்க்க வேண்டும். அருங்காட்சியகத்தாருக்குப் பிடித்துப்போகிற பள்ளிக்கு, வருடம் முழுக்க மாதம் ஒருமுறை ஓவியர் ஒருவர் வண்ணங்களோடு வருவார். அது எங்கள் பள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

எங்கள் ஹெச்.எம். மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "போயிட்டு வாங்க டீச்சரே. மானத்த மட்டும் வாங்கிராதீங்க."

நானா வாங்குவேன்? பள்ளி வராந்தாவில் பழைய காலண்டர்களை வரிசையாக மாட்டி, பிள்ளைகளைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கவைத்துப் பழக்கினேன். தொடக் கூடாது, ஓடக் கூடாது, கத்தக் கூடாது. மாதா படம் போட்ட காலண்டர் முன்னால் ஒரு வாண்டு முட்டிபோட்டு ஜெபிக்க ஆரம்பித்தது. (அதையும் தடை செய்தேன். மாதா மன்னிப்பாராக.)

எர்ணாகுளத்தில் எல்லாம் அமோகமாகவே தொடங்கியது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துக் களைத்த முகங்களைக் கழுவிவிட்டு வரிசையாக நிறுத்தினேன். மாணவர் வருகையைக் கவனிக்கிற லேகா மேடம் எங்களைப் பார்த்ததும், "எந்தொரு அச்சடக்கம்!" என்று வியந்தார். (அச்சடக்கம் என்றால் ஒழுக்கம். நான் அந்த இடத்திலேயே அரை அடி வளர்ந்தேன்.)

இரண்டாம் மாடியில் ஓர் இருட்டறை. கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு பந்தாவாக நான்தான் முதலில் நுழைந்தேன். ஈரச் சாக்கு வாடை அடித்தது. எங்கிருந்தோ அடித்தொண்டையில் ஓர் உறுமல். திரும்பினால், காதை விரித்துத் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு அது நின்றது.

எங்கள் ஊரில் யானை எந்த வளைவில் நிற்கிறது என்று காலையில் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது நடக்கப் பழகும்போதே சேர்ந்து பழகிவிடும். அலறக் கூடாது. சின்னவர்களை நடுவில் விட்டு, இறக்கம் பார்த்துப் போக வேண்டும். எதிரே வருகிறவரிடம் சொல்லாமல் தாண்டக் கூடாது.

"ஆன! திரும்புங்க!" என்றேன்.

என் பிள்ளைகள் மூச்சுக் காட்டவில்லை. பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே பின்வாங்கினார்கள். வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஜோடியிடம் ஏழாம் வகுப்பு ஜெனிபர், "அக்கா, பிளாஷ் அடிக்காதீங்க, வெரட்டிரும்!" என்று கிசுகிசுத்தாள். அவர்களும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். வேட்டி கட்டிய ஒருவர், "எந்தா? எந்தா?" என்றபடி எதிரே வந்தார்.

"அங்கிட்டுப் போகாதீங்க சார், ஆன நிக்குது! இறக்கத்துல வாங்க!" என்று அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தேன். மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னையே முந்திவிட்டார். நான் அவசர வழிக் கதவைத் தள்ள, கட்டடம் முழுக்க அபாய மணி அலற ஆரம்பித்தது.

கீழே புல்வெளியில் நின்று தலை எண்ணினேன். பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். கூடவே பாதி எர்ணாகுளமும் இருந்தது. கேன்டீன்காரர் கையில் கரண்டியோடு நின்றார். லேகா மேடம் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"எந்து பற்றி டீச்சர்? தீயா?" (என்ன ஆச்சு என்று கேட்கிறார்.)

"ஆன மேடம்."

"எவிடே?"

"மேல. ரெண்டாவது மாடியில."

சொல்லும்போதுதான் அது என் காதிலேயே விழுந்தது. அனிதா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன் டீச்சரே, ஆன லிப்ட்லயா வந்துச்சு?"

அங்கேயே பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. எங்கள் பள்ளிக்கு வரவேண்டிய வண்ணங்கள் எல்லாம் வேறொரு பள்ளிக்குப் பறந்துபோவது கண்ணுக்குத் தெரிந்தது. "புள்ளைக மேல தப்பில்ல மேடம், நாந்தான் பயந்துட்டேன்" என்றேன்.

அப்போது வேட்டிக்காரர் முன்னால் வந்தார். "டீச்சரே, ஆ ஆனையெ உண்டாக்கியது ஞானாணு."

சாக்கையும் கயிற்றையும் வைத்து அந்த யானையைச் செய்து, ஒலிபெருக்கியில் உறுமவும் வைத்த சிற்பியைத்தான் நான் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்! மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எந்நிட்டும் ஞானும் ஓடி!" என்றார். அப்படியிருந்தும் தானும் ஓடினாராம்! பிறகு எனக்காக அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "எல்லாரும் வரும், போட்டோ எடுக்கும், போகும். ஆனய ஆனயா பார்த்தது உங்க குட்டிங்க மட்டும்தான்."

எங்களை மறுபடியும் மேலே கூட்டிப்போனார். மற்ற பார்வையாளர்கள் எதிரில், யானை வந்தால் எப்படி நகர்வோம் என்று பிள்ளைகள் நடந்து காட்டினார்கள். அறை முழுக்கக் கைதட்டல். கையைப் பின்னால் கட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அனிதா யானையின் காலடியில் உட்கார்ந்து, சிற்பி கொடுத்த கரிக்குச்சியால் வரைந்துகொண்டே இருந்தாள். முதல்முறையாக அவளை யாரும் அடிக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கிளம்பும்போது லேகா மேடம் சொன்னார், அந்த வருடம் ஓவியர் வருவது எங்கள் பள்ளிக்குத்தான் என்று. வரப்போவதும் அந்தச் சிற்பியேதானாம். ஊர் திரும்பியதும், "மானம் போயிருச்சு சார். ஆனா டிராயிங் மாஷ் வந்துட்டாரு" என்று ஹெச்.எம்.மிடம் சொன்னேன். (மாஷ் என்றால் வாத்தியார்.)

மாஷ் மாதா மாதம் வந்தார். பிள்ளைகளுக்கு அவர் 'ஆன மாஷ்'. அவரும் அனிதாவும் மற்ற பிள்ளைகளும் சேர்ந்து பள்ளிச் சுவரில் ஒரு முழு யானையை வரைந்தார்கள். அருங்காட்சியகத்தில் அந்தத் திரைக்கு வெளியே இப்போது மூன்று மொழியில் ஒரு பலகை தொங்குகிறது: 'உள்ளே இருப்பது சிற்பம். ஆசிரியர்கள் பயப்பட வேண்டாம்.' (மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கவனியுங்கள்.)

வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டு நான் துள்ளினால் போதும். என் கணவரும், அதே பள்ளியில் படிக்கும் மகளும் ஒரே குரலில் கேட்பார்கள்: "லிப்ட்லயா வந்துச்சு?"

"ஆமா, லிப்ட்லதான் வந்துச்சு" என்பேன். "வந்ததாலதான்டி உங்க ஸ்கூல் செவத்துல நிக்குது!"