ஹாஜராவுக்கு நான் போட்ட பத்தியம்

ரிப்போர்ட் சுத்தமாக வந்த அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அதற்கு முந்தின இரண்டு வருஷமும் பயப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஹாஜராவின் மார்பில் கட்டி என்றார்கள், அது கேன்சர்தான் என்றார்கள். கொழும்பில் ஆபரேஷன், மருந்து ஏற்றல், கதிர் பிடித்தல் என்று ஒன்று முடிய மற்றது வந்தது. விடியற்காலை பஸ், நம்பர் துண்டு, வரிசை, உட்காரும் மர வாங்கு. நான் பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஓடினேன். ஓடுகிறவனுக்குப் பயம் தெரியாது.

இப்போது புத்தளம் கிளினிக்கில் இருந்த பெண் டொக்டர் சிரித்துக்கொண்டே, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, குளிசையைத் தவறாமல் போடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து காட்டினால் போதும் என்றார். ஹாஜரா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். நானும் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்தால் எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. பையில்கூட ஒன்றும் இல்லை.

பாலாவியில் பஸ் நின்றது. ஹாஜரா ஜன்னலால் கையை நீட்டி இரண்டு உளுந்து வடை வாங்கினாள். இரண்டு வருஷமாக நாக்கில் ருசியே இல்லாமல் கிடந்தவள், கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். எண்ணெய் அவள் விரலில் வழிந்தது. அந்த எண்ணெய் வழியாக நோய் திரும்பி ஏறுவதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பஸ் மாம்புரியைத் தாண்டுவதற்குள் தீர்மானித்துவிட்டேன். இனி என் பொஞ்சாதியின் வாய்க்குள் என் அனுமதி இல்லாமல் ஒரு பருக்கையும் போகாது.

என் பெயர் செய்னுலாப்தீன். கல்பிட்டி பஜாரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். வைத்தியம் படித்தவன் இல்லை. ஆனால் கடைக்கு முன்னால் சைக்கிள் திருத்தும் அத்தாஉல்லாவிடம் ஒரு போன் இருக்கிறது. கட்டாரில் இருக்கும் அவன் மச்சான் அந்த போனுக்கு நாளைக்கு இருபது வைத்தியக் குறிப்பு அனுப்புவான். அடுத்த நாள் காலையிலேயே போய் விஷயத்தைச் சொன்னேன். என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற அத்தாஉல்லா டயரைக் கீழே வைத்துவிட்டு, “அது திரும்பி வாறது வாயாலதான் நானா” என்றான். கொழும்பு பஸ் எந்தப் பாதையால் வரும் என்று சொல்கிற மாதிரி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னான்.

ஒரு வாரம் குறிப்பெடுத்தேன். சீனி கூடாது. கோதுமைப் பாண் கூடாது. இறைச்சி கூடாது. பொரித்தது, வறுத்தது, தேங்காய்ப்பால் விட்டது எதுவும் கூடாது. திங்கட்கிழமை முட்டை நஞ்சு என்று ஒரு வீடியோ வந்தது. செவ்வாய்க்கிழமை முட்டையே மருந்து என்று இன்னொன்று வந்தது. முட்டை மட்டும் அந்த வாரத்தில் என் பட்டியலுக்குள் நாலு தரம் வந்து மூன்று தரம் வெளியே போனது. கடைசியில் கூடாதவை நாற்பத்து மூன்று. கூடியவை ஏழு. அந்த ஏழில் ஒன்று தண்ணீர்.

பட்டியலை அலுமாரிக் கதவில் ஒட்டினேன். ஹாஜரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தாள். கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்ற இடத்தில் விரலை வைத்து, வாயிலா உடம்பிலா என்று கேட்டாள். விரல் இன்னும் கீழே இறங்கிப் பதினெட்டாவதில் நின்றது.

“கருவாடும் இல்லையா?”

“கருவாடு கட்டாயம் இல்ல.”

“அப்ப நீங்க கடையில விக்கிறது?”

“அது வேற.”

“ஊராக்கள் திண்டா ஒண்டும் செய்யாதாக்கும்.”

“ஊராக்கள் எண்ட பொஞ்சாதியா?” என்றேன்.

ஹாஜரா கண்ணாடியைக் கழற்றினாள். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கைவிட்டு விரட்டியபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து படகில் வந்து கல்பிட்டியில் இறங்கி, வெறும் தேத்தண்ணியில் எட்டு நாள் ஓட்டினவள் அவள். ஏழு சாமான் அவளை என்ன செய்யும்? ஆனாலும் சண்டை வரும் என்றுதான் நினைத்தேன். அதற்காக இரவெல்லாம் பதில்கள் கட்டி வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

“சரி” என்றாள். “ஆனா எனக்குத் தனிய இறங்காது. நீங்களும் அதத்தான் திங்கோணும்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொஞ்சாதிக்காக உயிரையே கொடுக்கலாம், சாப்பாடு என்ன பெரிய காரியம் என்று உடனே ஒப்புக்கொண்டேன். அந்த இரண்டில் எது சுலபம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த நாள், மகள் ஸபீனாவைப் பார்க்கப் போகிறேன் என்று ஹாஜரா புத்தளத்துக்குப் போய் வந்தாள். அதற்கு அடுத்த நாள் பத்தியம் தொடங்கியது.

காலையில் ஒரு பெரிய கோப்பை பாகற்காய்ச் சாறு. அதில் மஞ்சளும் வேப்பங்கொழுந்தும் கிடக்கும். ஹாஜரா தன்னுடைய கோப்பையை அடுப்படியிலேயே குடித்து முடித்துவிட்டதாகச் சொல்வாள். குடித்தவள் முகம் ஏன் கோணவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். என் முகமே கோணிக்கொண்டிருந்ததால் யோசிக்க முடியவில்லை. பிறகு சீனியில்லாத தேத்தண்ணி. நான் மூன்று கரண்டி சீனி போட்டுக் கரண்டியை நிறுத்தி வைத்துப் பார்க்கிறவன். பகலுக்கு அவித்த குரக்கன் மாவும் அவித்த கீரையும் கடைக்கு வரும். ராத்திரிக்கு அதே கீரை இன்னொருதரம் அவிந்து வரும். பெருநாளைக்கு ஸபீனா இனிப்புக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தாள். பட்டியலில் இருபத்தாறாவது என்று ஹாஜராவே எழுந்து அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அவளுடைய கட்டுப்பாட்டைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. வட்டிலப்பத்தைப் பார்த்தும் கலங்கியது.

பக்கத்து வீடு பிரான்சிஸ்காவுடையது. புருஷன் நிக்கொலஸ் கடலுக்குப் போகிறவன். அவள் வேலிக்கு மேலால் எங்கள் ராத்திரிச் சாப்பாட்டை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, இது பத்தியமா பைத்தியமா நானா என்று கேட்டாள். நான் கோபிக்கவில்லை. கோபிக்க உடம்பில் தெம்பு இருக்கவில்லை. அதோடு அவள் இப்போது என் கடையின் நல்ல வாடிக்கைக்காரி. முன்பெல்லாம் எட்டிப் பார்க்காதவள், வாரத்துக்கு இரண்டு தரம் வந்து கட்டாக் கருவாடு வாங்கினாள். தலவிலத் தேவாலயத் திருவிழாவுக்கு வந்த உறவுக்காரர் இன்னும் போகவில்லையாக்கும் என்று இரக்கப்பட்டு, நானே நடுத்துண்டாகப் பொறுக்கிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் சாரம் இடுப்பில் நிற்காமல், கடைத் தராசில் ஏறி நின்று பார்த்தேன். ஆறு கிலோ குறைந்திருந்தேன். அன்று பின்னேரம் ஹாஜராவையும் கூட்டிவந்து ஏற்றினேன். அவள் ஒரு கிலோ கூடியிருந்தாள். மருந்து ஏற்றின காலத்தில் ஒட்டிப்போன கன்னம் திரும்பி வந்திருந்தது. வாரிக் கட்டும் அளவுக்கு முடியும் வந்திருந்தது. நான் அத்தாஉல்லாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பஜார் முழுக்கச் சொன்னேன். நாலு பேர் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரே சாப்பாடு ஒருத்தியை ஊதவும் ஒருத்தனை வற்றவும் எப்படிச் செய்யும் என்று அந்த நாலு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. குரக்கனில் மூளை அப்படித்தான் ஓடும்.

ஒரு வியாழக்கிழமை பகல் எனக்குத் தலை சுற்றியது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தேன். எங்கள் வீடு பூட்டியிருந்தது. ஆனால் பிரான்சிஸ்காவின் அடுப்படியிலிருந்து ஒரு மணம் வந்தது. கட்டாக் கருவாடு, சின்ன வெங்காயத்தோடு வதங்குகிற மணம். முப்பது வருஷம் கருவாட்டோடு கிடந்தவன் நான். அது என் கடைச் சரக்கு என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். கண்ணைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

ஹாஜரா பாயில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் சிவப்பரிசிச் சோறு, மீன் ஆணம், கீரைச் சுண்டல், ஒரு வாழைப்பழம். தட்டின் ஓரத்தில் நான் பொறுக்கிக் கொடுத்த நடுத்துண்டு. பிரான்சிஸ்கா கையில் அகப்பையோடு சுவரோடு ஒட்டி நின்றாள். ஹாஜரா மட்டும் அசையவில்லை. வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு, நின்றால் தலை சுற்றும், உட்காருங்கள் என்றாள்.

உட்கார்ந்தேன். சத்தம் போட வேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தேன். வந்தது சத்தம் இல்லை, அழுகை. எனக்கே அது புதினமாக இருந்தது.

“அது திரும்பி வந்தா நான் என்ன செய்ய, ஹாஜரா?” என்றேன்.

பிரான்சிஸ்கா அகப்பையோடு வெளியே போய்விட்டாள். ஹாஜரா கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். பட்டியலை ஒட்டிய அடுத்த நாளே அதைக் கழற்றிக்கொண்டு புத்தளத்துக்குப் போய் டொக்டரிடம் காட்டினாளாம். ஸபீனா வீட்டுக்குப் போனது அதற்குப் பிறகுதானாம். டொக்டர் வாசித்துவிட்டு, இதைத் தின்றால் நோய் வருகிறதோ இல்லையோ உங்களுக்குத் தெம்பு வராது என்று சொல்லி, என்ன சாப்பிடலாம் என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாராம். அந்தத் தாள்தான் இங்கே பிரான்சிஸ்காவின் அடுப்படியில் வெந்துகொண்டிருந்தது.

அதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொன்னா உங்களுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லாம போயிருக்கும்” என்றாள். “சும்மா இருந்து என்னையே பாத்துக்கொண்டு இருப்பீங்க. அந்தப் பார்வதான் எனக்கு இறங்கல்ல. பாகற்காய் இறங்கும்.”

பாகற்காய் எனக்கல்லவா இறங்கியது என்று கேட்க நினைத்தேன். ஆனால் அவள் தன் தட்டிலிருந்து ஒரு பிடி சோறு பிசைந்து நீட்டினாள். அந்த நேரத்தில் கேள்வி கேட்கிறவன் மனுஷன் இல்லை. கருவாடு வைக்காமல்தான் பிசைந்தாள் என்பதை விழுங்கின பிறகுதான் கவனித்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு நானும் உள்ளே போனேன். டொக்டரின் வாயாலேயே கேட்க வேண்டும் என்று அடம்பிடித்துத்தான் போனேன். அத்தாஉல்லாவின் நாற்பத்து மூன்றையும் மேசையில் தாளை விரித்து வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். டொக்டர் பொறுமைசாலி. சீனி தின்றதால் அது திரும்பி வரும் என்றோ, மஞ்சள் குடித்ததால் வராது என்றோ சொல்ல இன்னும் யாராலும் முடியாது என்றார். சாப்பாட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று உலகத்தில் பெரிய ஆட்களே தேடிக்கொண்டிருக்கிறார்கள், சைக்கிள் கடையில் முடிவு வந்திருக்காது என்றார். மரக்கறியும் பழமும் நல்லது, உடம்பு அளவுக்கு மிஞ்சிப் பெருக்க விடாமல் நடப்பது நல்லது, கருவாட்டை உப்புக்காகக் குறைப்பதும் நல்லது. அடியோடு விட வேண்டுமா என்று கேட்டேன். ஒரு துண்டு தின்னலாம், உங்களைப் போல மூட்டையாக எண்ணக் கூடாது என்றார்.

“அப்ப அது வராம இருக்க நான் என்னதான் டொக்டர் செய்யலாம்?”

டொக்டர் பேனையை மூடி வைத்தார். “வராது எண்டு நான் எழுதித் தர ஏலாது. அவங்களோட கூட வாங்க. ஒவ்வொரு முறையும் கூட வாங்க.”

ஹாஜராவைப் பார்த்தேன். அவள் முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் நகர்ந்தது. நான் என்னை மறந்து மேசையில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தாதி என் விரலில் ஊசியால் குத்தினாள்.

என்ன ஏது என்று கேட்பதற்குள் ஒரு சொட்டு இரத்தம் ஒரு சின்ன மெஷினுக்குள் போய்விட்டது. டொக்டர் அதைப் பார்த்தார். ஹாஜராவும் எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரித் தலையை ஆட்டினார்கள்.

“ரெண்டு மாசம் பாகற்காய் குடிச்சும் ரத்தத்தில சீனி இவ்வளவு நிக்குதா?” என்று டொக்டர் ஹாஜராவிடம் கேட்டார். என்னிடம் இல்லை.

“ஆறு வருஷமா பாத்ரூம் எறும்பு எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்துச்சு டொக்டர்” என்றாள் ஹாஜரா. “ரத்தம் பாக்க வாங்க எண்டா வரமாட்டாரு. சீனிய விடுங்க எண்டா விடமாட்டாரு. நல்ல காலம், அவராவே ஒரு பட்டியல் எழுதினாரு.”

டொக்டர் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்தார். அலுமாரிக் கதவிலிருந்த அதே தாள். ஐந்தாறைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு, மிச்சம் இவருக்கு நன்றாகப் பொருந்தும் என்று திருப்பிக் கொடுத்தார். தாதி புதுக் கிளினிக் கொப்பி ஒன்றை எடுத்து, பெயர் என்ன என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஹாஜரா என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

ஹாஜராவை ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். என்னை, வெறும் வயிற்றோடு, வருகிற செவ்வாய்க்கிழமை.